மேலாளரின் தலைவலி

கதவைத் தட்டுவதற்காக அவள் கையைத் தூக்கினாள். தூக்கிய கை கதவைத் தொடுவதற்குள் உள்ளே விளக்கு அணைந்தது.

கதவின் கண்ணாடிச் சதுரம் கறுத்துப்போய்விட்டது. உள்ளே நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளும் சத்தம், பிறகு மெத்தை அமுங்கும் சத்தம், பிறகு ஒரு முனகல். அதற்கப்புறம் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"மறுபடியும் வந்துடுச்சா?" என்று பின்னாலிருந்து கிசுகிசுத்தாள் காபியக்கா. அந்த அலுவலகத்துக்கே காபி போடுகிறவள். மேலாளருக்கான கோப்பை அவள் கையில் ஆறிக்கொண்டிருந்தது.

"வந்துடுச்சுக்கா. காலையில ஒரு தடவை, இப்ப ஒரு தடவை."

"யார் கண்ணு பட்டுச்சோ. முன்னெல்லாம் இந்த மனுஷனுக்கு ஒரு தும்மல்கூட வராதும்மா. கீழ மெஷின் ஓடுற சத்தத்துல இவரு பாட்டுப் பாடிட்டு வேலை பார்ப்பாரு. இப்பக் கொஞ்ச நாளாத்தான் இப்படி."

"புதுசா வந்ததா? புதுசா வந்தாத்தான் ஆபத்துன்னு சொல்லுவாங்களேக்கா!"

"யாரு சொன்னா?"

"யாரோ சொன்னாங்க. எனக்கு ரொம்பப் பயமா இருக்குக்கா."

பயப்படாமல் என்ன செய்வாள்? அது மெத்தை தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் கிளை. கீழ்த்தளத்தில் நுரையை ஒட்டித் தைக்கும் கூடம், பின்பக்கம் கிடங்கு, மாடியில் அலுவலகம். வாங்க வருகிறவர்களைப் படுக்க வைத்துக் காட்டுவதற்கென்று மேலாளர் அறையிலேயே ஒரு மாதிரி மெத்தை கட்டிலோடு கிடந்தது. தலைவலி வந்தால் மேலாளர் விளக்கை அணைத்துவிட்டு அதில் சாய்ந்துவிடுவார். அந்த மேலாளருக்கு உதவியாளராகத்தான் அவள் வந்து சேர்ந்திருந்தாள்.

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அலுவலகத்தில் அது யாருக்கும் தேவைப்படவில்லை. வந்த வாரமே 'டக்டக்' என்று பெயர் சூட்டிவிட்டார்கள். வேலையை டக்டக்கென்று முடிப்பதால் வந்த பெயர் என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை. அவளுடைய குதிகால் செருப்பு மாடிப்படியில் ஏறும்போதே மேலாளர் அறை வரைக்கும் கேட்கும் என்பதை யாரும் அவளிடம் சொல்லவில்லை.

இவ்வளவு சுறுசுறுப்பு இருந்தும் அவள் இன்னும் தற்காலிக ஊழியர்தான். அவளுடைய ராசி அப்படி. முதல் கிளையில், அவளை நிரந்தரமாக்கிக் கையெழுத்துப் போடவேண்டிய சமயத்தில் மேலாளரை எங்கோ தூக்கி அடித்துவிட்டார்கள். அடுத்த கிளையின் மேலாளர் வயதாவதற்கு முன்பே ஓய்வு வாங்கிக்கொண்டார். அதற்கடுத்தவர் ஒருநாள் மதியம் சாப்பிடப் போனவர் திரும்பவே இல்லை. ராஜினாமா தபாலில் வந்தது. அத்தனை பேருக்கும் அவள் நாயாய் உழைத்தாள். அத்தனை பேரும் கையெழுத்துப் போடாமலே போய்விட்டார்கள்.

இதுதான் கடைசி. இந்த மேலாளரும் போடாவிட்டால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான் என்று தலைமை அலுவலகம் சொல்லியனுப்பிவிட்டது. வீட்டிலோ கணவரின் கடை பூட்டிக் கிடந்தது. பெண்கள் இரண்டு பேரும் படித்துக்கொண்டிருந்தார்கள். ஆக, மேலாளரின் தலை அவருடைய சொந்தத் தலை மட்டுமல்ல. அவள் வீட்டில் உலை கொதிக்க வைக்கும் தலையும் அதுதான். அது வலித்து, வலி முற்றி, அவர் நீண்ட விடுப்பில் போய்விட்டால்?

"இவ்வளவு பயப்படுறதுக்கு, ஒரு வார்த்தை கேட்டுடேன்மா. கையெழுத்துதானே?" என்றாள் காபியக்கா.

"தலைவலிக்காரர்கிட்டயா? எரிச்சல்ல முடியாதுன்னு சொல்லிட்டா? ஒரு தடவை முடியாதுன்னுட்டா அப்புறம் மாத்தவே முடியாதுக்கா. முதல்ல அவரைக் குணப்படுத்தணும். குணமான அன்னிக்குக் கேட்கிறேன்."

மேலாளரைப் பார்த்தாலும் கேட்கத் துணிவு வராது. வாசலை அடைக்கிற உடம்பு, மேலுதட்டை மறைக்கிற மீசை. அவள் எதிரில் அவர் ஒருநாளும் சிரித்ததில்லை. பேசும்போது அவள் கண்ணைப் பார்க்க மாட்டார். நெற்றியில் வியர்த்துக் கொட்டும். எல்லாம் நோயின் குணம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஆனாலும் மரியாதை தெரிந்தவர். தன்னிடம் வேலை பார்ப்பவளை 'மேடம்' என்றுதான் கூப்பிடுவார்.

அன்று மாலையே அக்காவுக்குப் போன் போட்டாள். கூடப் பிறந்த அக்கா. ஒற்றைத் தலைவலியோடு குடித்தனம் நடத்துகிறவள், அதனால் அந்த விஷயத்தில் பட்டம் வாங்காத பேராசிரியை.

"ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொன்னு தூண்டிவிடும்டி," என்றாள் அக்கா. "எனக்கு வெயில்ல நின்னா வரும், பட்டினி கிடந்தா வரும். என் நாத்தனாருக்கு சென்ட் வாசனை பட்டாலே போதும். சிலபேருக்குச் சாக்லேட், சிலபேருக்குப் பழைய பாலாடைக்கட்டி. தூக்கம் குறைஞ்சாலும் வரும், கூடினாலும் வரும். மினுக்கு மினுக்குன்னு எரியற லைட்டு, ஓயாத சத்தம், தண்ணி குடிக்காம இருக்கிறது, காபியைக் கன்னாபின்னான்னு குடிக்கிறது, மனசுல பயம், கவலை..."

"எல்லாத்தையும் நிறுத்திடறேன்க்கா."

"ஏய், ஏய்! எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்திடாதே. ஒன்னொன்னா மாத்தினாத்தான் எது தூண்டுதுன்னு தெரியும். அதுக்கும் முன்னாடி அவரையே கேளு. எப்ப வருது, வர்றதுக்கு முன்னாடி என்ன நடக்குதுன்னு அவருக்குத்தானே தெரியும்?"

"வலியில இருக்கிறவரை எப்படிக்கா கேட்கிறது?"

"வலி இல்லாதப்ப கேளுடி."

"வலி இல்லாத மனுஷனா அவரை நான் பார்த்ததே இல்லையேக்கா!"

"அது சரி. உன் உடம்பையும் பார்த்துக்கோ. நம்ம குடும்பத்துல யாருக்கும் நிலம் நீச்சு வரலை, இந்தத் தலைவலிதான் வழிவழியா வர்ற சொத்து. உனக்கு இன்னும் உன் பங்கு வரலை, அவ்வளவுதான்."

கடைசியில் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. நடுவில் சொன்ன 'அவரையே கேளு' என்பதும் ஏறவில்லை. மற்றதெல்லாம் அச்சாகப் பதிந்துவிட்டது.

மறுநாள் காலை காபியிலிருந்து ஆரம்பித்தாள். மேலாளர் கோப்பையை எடுத்து வாயருகே கொண்டுபோன நேரம், மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறி, விளக்கு அணைவதற்குள் உள்ளே நுழைந்து, அதை அவர் கையிலிருந்து பக்குவமாக வாங்கிக்கொண்டாள்.

"இது இனிமே வேண்டாம் சார்."

மேலாளரின் விரல்கள் கோப்பையைப் பிடித்த வாக்கிலேயே அந்தரத்தில் நின்றன. "ஏ... ஏன் மேடம்? இதுல ஏதாவது இருக்கா?"

"இருக்கு சார். உள்ள போனா நமக்கே தெரியாம வேலையைக் காட்டிடும்."

மேலாளர் காபியக்காவைப் பார்த்தார். காபியக்கா, தனக்கு ஒரு பாவமும் தெரியாது என்று கையை விரித்தாள்.

வாங்கிய காபியைக் கொட்ட மனசு வராமல் அவளே குடித்தாள். அன்றிலிருந்து மேலாளர் பங்கு காபி முழுவதும் அவள் வயிற்றுக்குப் போனது.

நாலு நாள்கூட ஆகவில்லை. மேலாளர் கொட்டாவி விட்டுக்கொண்டும் நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டும் உட்கார்ந்திருந்தார். ஓடிப்போய் அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அடிப் பாவி! தினம் குடிக்கிறவங்களுக்குக் காபியை ஒரேயடியா நிறுத்தினா அதுவே தலைவலியைக் கொண்டுவந்துடும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்."

தானே தன் கையால் வலியைக் கொண்டுவந்துவிட்டோமா! ஒரு கோப்பையோடு மேலாளர் அறைக்குப் பறந்தாள்.

"சார், உடனே இதைக் குடிச்சிடுங்க."

"அன்னிக்கு நீங்கதானே மேடம், இதுல ஏதோ இருக்குன்னு..."

"அது அன்னிக்கு சார். இன்னிக்குக் குடிச்சே ஆகணும். முழுசா வேண்டாம், பாதி மட்டும்."

மேலாளர் கண்ணை இறுக மூடிக்கொண்டு பாதியைக் குடித்தார். கோப்பையைக் கீழே வைத்தபோது அது தட்டின் மேல் கிடுகிடுவென்று ஆடியது. நடுக்கமும் சேர்ந்துகொண்டதே என்று அவளுக்கு இன்னும் பயம் கூடியது.

அடுத்தது பட்டினி. மேலாளர் வேலை மும்முரத்தில் மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போடுகிறவர். இனி தள்ளிப்போட விடக்கூடாது என்று தட்டில் ஆப்பிளும் அவித்த முட்டையும் பிஸ்கட்டும் வைத்துக்கொண்டு நேரம் தவறாமல் போய் நின்றாள். கீழ்த்தள ஃபோர்மேனோடு பேசிக்கொண்டிருந்தாலும் சரி, போனில் இருந்தாலும் சரி, தட்டு வந்துவிடும்.

"வச்சுட்டுப் போங்க மேடம். அப்புறமா சாப்பிடறேன்."

"நான் நிக்கிறேன் சார். நீங்க சாப்பிடுங்க."

"இல்ல, உங்களுக்கு வேலை இருக்குமே..."

"இதைவிட எனக்கு வேற வேலை இல்லை சார். முழுசா உள்ள போறதைப் பார்த்துட்டுத்தான் போவேன்."

மேலாளர் தின்றார். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, மெல்லக்கூட மறந்து, ஆப்பிளை விதையோடு விழுங்கினார். அவர் முடித்ததும் அவள் ஒரு டம்ளர் தண்ணீரையும் நீட்டி அது காலியாகிறவரை நின்றாள். இப்படி அவருக்கு ஊட்டி முடிப்பதற்குள் அவளுடைய சாப்பாட்டு நேரம் போய்விடும். அவள் கொண்டுவந்த டிபன் பாக்ஸ் திறக்காமலே வீட்டுக்குத் திரும்பும்.

இதற்கெல்லாம் பலன் என்னவென்றால், முன்பு ஒரு நாளைக்கு இரண்டு தடவை அணைந்த விளக்கு இப்போது நாலு தடவை அணைந்தது.

"வாசனைதான்," என்று முடிவு கட்டினாள். கீழே பசை வாசனை வருகிற சன்னல்களை எல்லாம் சாத்தச் சொன்னாள். தைக்கிறவர்கள் புழுக்கத்தில் கத்தினார்கள். பிறகு மாடிப்படி முனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மேலாளரைப் பார்க்க வருகிறவர்களை ஒவ்வொருவராக முகர்ந்தாள்.

ஒருநாள் பெரிய விடுதி ஒன்றுக்கு மொத்தமாக மெத்தை வாங்க ஒருவர் வந்தார். அவருக்கு முன்னால் அவருடைய சென்ட் வந்தது. பின்னால்தான் அவர் வந்தார்.

"நீங்க இப்ப உள்ள போக முடியாது சார்."

"மேனேஜர்தான் வரச் சொன்னாரு."

"குளிச்சிட்டு வாங்க."

"என்னது?"

"தப்பா நினைக்காதீங்க. உங்க வாசனை அவருக்கு ஆகாது. இல்லைன்னா சன்னலுக்கு அந்தப் பக்கம் நின்னு பேசுங்க."

அது மாடி. சன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டுமென்றால் பறவையாகத்தான் இருக்க வேண்டும். அவர் சிவந்த முகத்தோடு படியிறங்கிப் போனார். சத்தம் கேட்டு மேலாளர் கதவை ஒரு விரற்கடை திறந்து எட்டிப்பார்த்தார்.

"யா... யாரு மேடம் அது? விடுதிக்காரரா?"

"ஆமா சார். அனுப்பிட்டேன்."

"நீங்களே அனுப்பிட்டீங்களா? அவ்வளவு பெரிய ஆர்டரை?"

"உங்க நன்மைக்குத்தான் சார்."

மேலாளர் சுவரைப் பிடித்துக்கொண்டார். பிறகு கதவு சாத்திக்கொண்டது. விளக்கு அணைந்தது.

சாயங்காலம் தலைமை அலுவலகத்திலிருந்து, ஆர்டர் என்ன ஆயிற்று என்று மேலாளருக்குப் போன் மேல் போன் வந்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டதே என்று அவள் கையைப் பிசைந்தாள். போன் மணியும் ஒரு சத்தம்தானே? சத்தமும் தலைவலியைத் தூண்டுமே? அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை நாளாகக் கீழே ஒரு பூதம் கத்திக்கொண்டிருக்கிறது, அதை விட்டுவிட்டு வாசனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்!

பூதம் என்றது உருளை இயந்திரத்தை. தைத்து முடித்த மெத்தையின் மேல் கனமான உருளையைத் திரும்பத் திரும்ப உருட்டி, குழி விழுகிறதா என்று பார்க்கிற இயந்திரம். நாள் முழுவதும் கடமுடா என்று உருண்டுகொண்டேயிருக்கும்.

"இதை நிறுத்துங்க," என்றாள் ஃபோர்மேனிடம்.

"நிறுத்தினா சோதனை எப்படி நடக்கும்? சோதிக்காம மெத்தையை வெளியில அனுப்பக்கூடாதே."

"அடுக்கி வைங்க. மேனேஜர் உடம்பு தேறட்டும்."

"மேனேஜர் சொன்னாரா?"

"நான் சொல்றேன்."

ஃபோர்மேன் இயந்திரத்தை நிறுத்தினார். அவள் போன கிளையிலெல்லாம் மேலாளர்கள் என்ன ஆனார்கள் என்பது அவர் காதுக்கும் வந்திருந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "மெஷினை நிறுத்தினா மட்டும் போதுமா? இந்தக் கட்டடத்துலேயே பெரிய சத்தம் உங்க செருப்புதான். நீங்க கேட்டுல நுழையும்போதே மாடியில தெரிஞ்சுடுமே. எதுக்கு உங்களை டக்டக்னு கூப்பிடறாங்கன்னு நினைச்சீங்க?"

அவளுக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. பெருமை என்று நினைத்துக்கொண்டிருந்தது கேலியா? அதைவிடப் பெரிய அதிர்ச்சி, மேலாளரின் மண்டையில் தினமும் ஆணி அடித்துக்கொண்டிருந்தது தன்னுடைய குதிகாலா? அன்றைக்கே போய், அடியில் பஞ்சு வைத்த துணிச்செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டாள். நடந்தால் பூனைகூடத் திரும்பிப் பார்க்காது.

கூடவே மேலாளர் அறையில் மினுக்கிக்கொண்டிருந்த குழல்விளக்கைக் கழற்றிவிட்டு, சன்னலுக்குக் கனமான திரை போட்டாள். மேஜையில் ஒரு சின்ன விளக்கு மட்டும் மிச்சம். ஒன்றொன்றாக மாற்று என்று அக்கா சொன்னது அதற்குள் காற்றோடு போயிருந்தது.

அடுத்த நாள் மேலாளர் அந்த அரையிருட்டில் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். விளக்கு அணையவில்லை. முகத்தில் கொஞ்சம் தெளிவுகூடத் தெரிந்தது. மெல்லிய குரலில் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவள் பூரித்துப்போனாள். செருப்புதான்! செருப்பேதான்! இதோ குணமாகிவிட்டார், இப்போதே கையெழுத்தைக் கேட்டுவிடலாம் என்று சத்தமில்லாமல் நடந்துபோய் அவர் தோளருகே நின்றாள்.

"சார்."

மேலாளர் நிமிர்ந்தார். அரையிருட்டில், ஒரு சாண் தூரத்தில், கீழிருந்து விளக்கு வெளிச்சம் பட்ட அவள் முகம்.

"அய்யோ! அம்மா!"

அந்த அலறலில் கீழே தைத்துக்கொண்டிருந்தவர்கள் ஊசியைக் கையில் குத்திக்கொண்டார்கள். நாற்காலியோடு சேர்ந்து பின்னால் சாய்ந்த மேலாளர் நல்லவேளையாக மாதிரி மெத்தையின் மேல் விழுந்தார். விழுந்தவர் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார்.

"சார்! சார்! வலி அவ்வளவு கடுமையா வந்துடுச்சா?"

போர்வைக்குள்ளிருந்து, "ஆமா மேடம், ரொம்பக் கடுமை, தயவுசெஞ்சு போயிடுங்க," என்று குரல் வந்தது.

கையெழுத்தைக் கேட்காமலே அவள் வெளியே வந்தாள்.

அன்று இரவு அவள் தூங்கவில்லை. அடுத்த இரவும் அப்படியே. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவளுக்குக் கண்ணை மூடினாலும் திறந்தாலும், காலியான மேலாளர் நாற்காலிதான் தெரிந்தது. விடிந்ததும் வெறும் வயிற்றோடு அலுவலகத்துக்கு ஓடினாள். வழியெல்லாம் வெயில் கண்ணைக் குத்தியது.

கிடங்கு நிரம்பிவிட்டதால், மாடி நடையில் சோதிக்காத மெத்தைகள் கூரை வரை அடுக்கியிருந்தன. ஒரு ஆள் பக்கவாட்டில் நுழைகிற அளவுக்குத்தான் வழி. அந்த இடுக்கில் நுழைந்து மேலாளர் அறையை நெருங்கியவள், உள்ளே அவர் போனில் பேசுவதைக் கேட்டு அப்படியே மெத்தையோடு மெத்தையாக ஒட்டிக்கொண்டாள்.

"முடியலைம்மா. இனிமே தாங்க முடியாது. ராத்திரி தூக்கம் போச்சு, சோறு இறங்கலை. முன்னாடியாவது வர்றதுக்குள்ள ஒரு அறிகுறி தெரியும், நான் சுதாரிச்சுக்குவேன். இப்ப அதுவும் இல்லை. எந்த நேரம் எப்படி வரும்னே தெரியலை... இல்ல, நான் முடிவு பண்ணிட்டேன். சாயங்காலம் ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டு வந்துடறேன். உயிர் இருந்தா வேற வேலை தேடிக்கலாம்... ஆமா, நீ கிளம்பி வா. தனியா வெளியில வரப் பயமா இருக்கு."

நாலாவது மேலாளர்! ராஜினாமா! சாயங்காலத்துக்குள் கேட்டாக வேண்டும். வலியோ, வலி இல்லையோ, காலில் விழுந்தாவது கேட்டாக வேண்டும். அதற்கு முன்னால் கொஞ்சம் தெம்பு வேண்டும் என்று காபியக்காவிடம் போய், ஒன்றன்மேல் ஒன்றாகக் காபி வாங்கிக் குடித்தாள்.

"ஏம்மா, முகம் ஏன் இப்படி வெளுத்திருக்கு? ஏதாவது சாப்பிட்டியா?"

"சாப்பிட நேரம் ஏதுக்கா?" என்று சொல்லும்போதே காபியக்காவின் பாதி முகம் காணாமல் போனது.

கண்ணைக் கசக்கிப் பார்த்தாள். இடது கண்ணோரத்தில் ஒரு வெளிச்சக்கோடு ரம்பப் பல் மாதிரி வளைந்து வளைந்து மினுங்கியது. அது பெரிதாகிக்கொண்டே வந்தது. பிறகு வலது பக்க நெற்றியில் ஒரு இடி விழுந்தது. வயிற்றைப் புரட்டியது. பாத்திரம் கழுவுகிற சத்தம் மண்டைக்குள் புகுந்து உருளை ஓட்டியது. சன்னல் வெளிச்சம் பட்ட இடமெல்லாம் எரிந்தது.

பட்டினி, தூக்கமின்மை, அளவில்லாத காபி, வெயில், பயம். மேலாளரிடமிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கியதையெல்லாம் அவள் தன் தலையில் அல்லவா ஏற்றிக்கொண்டிருந்தாள்! 'உனக்கு இன்னும் உன் பங்கு வரலை' என்று அக்கா சொன்னது இப்போதுதான் காதில் விழுந்தது. பங்கு வந்துவிட்டது.

இருட்டு வேண்டும். சத்தமில்லாத இடம் வேண்டும். அப்படி ஒரே ஒரு இடத்தைத்தான் அவள் தன் கையாலேயே தயார் பண்ணி வைத்திருந்தாள். மெத்தை அடுக்குகளைத் தடவிக்கொண்டே போய் மேலாளர் அறைக் கதவைத் தள்ளினாள். மேலாளர் இல்லை. நாற்காலி காலியாக இருந்தது. இரவெல்லாம் கண்முன் தெரிந்த அதே காலி நாற்காலி.

"போயிட்டாரா?" என்று முனகினாள். அழுகை வந்தது. அழுதால் வலித்தது. மாதிரி மெத்தையில் சுருண்டு படுத்து, கண்ணை இறுக்கிக்கொண்டாள்.

எவ்வளவு நேரம் போனதோ தெரியவில்லை. கதவு மெதுவாகத் திறந்தது.

"என்னங்க... இங்க இருக்கீங்களா?" என்று ஒரு பெண்குரல் கிசுகிசுத்தது. "அட, யாரு? என்னம்மா ஆச்சு?"

"தலை... தலைவலி," என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே.

"அடப் பாவமே, எழுந்திருக்காதீங்க. நான் மேனேஜர் வீட்டுக்காரி. இருங்க, ஈரத்துணி கொண்டு வர்றேன்."

நெற்றியில் ஈரத்துணி விழுந்தது. உதட்டில் தண்ணீர் டம்ளர் பட்டது. அந்தக் குளிர்ச்சியில் கொஞ்சம் உயிர் வந்தது. உயிரோடு பயமும் திரும்பி வந்தது. அவள் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, சார் ராஜினாமா கொடுத்துட்டாரா?"

"இன்னும் இல்லை. கொடுக்கறேன்னுதான் நிக்கிறார்."

"கொடுக்க வேண்டாம்னு சொல்லுங்கம்மா. அவரை நம்பித்தான் எங்க வீடு இருக்கு. வலி எப்படிப்பட்டதுன்னு இன்னிக்குத்தான் எனக்குத் தெரியுது, அவர் எவ்வளவு துடிச்சிருப்பார்! ஆனா இதைக் கட்டுப்படுத்தலாம்மா. நல்ல டாக்டரைப் பார்க்கலாம், நேரத்துக்குச் சாப்பிடலாம், நேரத்துக்குத் தூங்கலாம். சாருக்கு எத்தனை வருஷமாம்மா இந்தத் தலைவலி?"

ஈரத்துணியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த கை நின்றது. பிறகு அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"தலைவலியா? அவருக்கு ஜென்மத்துல தலைவலி வந்ததில்லைம்மா! போன இடத்துல எல்லாம் மேனேஜரைக் கவிழ்த்த ஒரு அம்மா இங்க வந்திருக்காங்களாம், அவங்க செருப்புச் சத்தம் கேட்டாலே இவரு லைட்டை அணைச்சிட்டுத் தலைவலின்னு படுத்துக்குவாரு; வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி ஒரு வார்த்தை கேட்டிருந்தா வந்த அன்னிக்கே கையெழுத்துப் போட்டிருப்பேன், கேட்கவே மாட்டேங்கறாங்கன்னா என் நாற்காலிக்குத்தானே குறின்னு தினம் புலம்பல்... அது கிடக்கட்டும், அந்த அம்மா இப்ப எங்க இருக்காங்கன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா, இப்பத் துணி நனைக்கப் போனப்பத்தான் பார்த்தேன், மனுஷன் காலையிலேர்ந்து நடையில மெத்தை அடுக்குக்குப் பின்னாடியே நின்னுட்டிருக்கார்."